மாற்றிப் போட்ட சட்டை

மனித குலம் முழுவதும் கைவேலையை நிறுத்திவிட்டுக் கவனிக்க வேண்டிய செய்தி இது. ஒருவர் நடந்தால் இன்னொருவரின் கால் தேறுகிற புதிய யுகம், வரும் வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திருநெல்வேலியில் தொடங்கிவைக்கப்படுகிறது. பத்தரைக்கு இராகுகாலம் பிறந்துவிடும் என்பதால் யுகம் அதற்குள் பிறந்தாக வேண்டும். அனைவரும் வருக. சிற்றுண்டி உண்டு.

அழைப்பிதழின் வாசகம் ஏறக்குறைய இதுதான். யுகத்தைத் தொடங்கிவைக்க வேண்டியவர் பத்தே முக்காலுக்குத்தான் வந்தார் என்பதும், சிற்றுண்டி அதற்குள் தீர்ந்துவிட்டது என்பதும் வரலாற்றில் இடம்பெறத் தேவையில்லை.

மேடை நடுவே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் பேராசிரியர் வீரபாகு. வெறும் வீரபாகு என்றால் ஊரில் யாருக்கும் தெரியாது. ‘தீர்ப்புத் திலகம்’ என்று சொல்ல வேண்டும். கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். அதைவிட முக்கியமாக, பட்டிமன்ற நடுவர். குடும்பத்துக்காகப் பெரிதும் உழைப்பவர் கணவரா, மனைவியா என்ற தலைப்பில் தென்மாவட்டம் முழுக்கத் தீர்ப்புச் சொன்னவர். தீர்ப்பு எப்போதும் மனைவிதான். கைதட்டல் அந்தப் பக்கம்தான் அதிகம். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, நாற்காலியில் சாய்ந்து, “உலகு, தண்ணி” என்பார். அவர் மனைவி உலகம்மாள் கொண்டுவந்து கொடுப்பாள். தீர்ப்பு செல்லும் எல்லை வாசல்படி வரைதான்.

இன்று அவர் நடுவராக வரவில்லை. முதல் நோயாளியாக வந்திருந்தார். அவருடைய கல்லீரல் சுருங்கி, முடிச்சு முடிச்சாகி, ஓய்வு பெறும் நிலையில் இருந்தது. கல்லீரல் கெட்டது என்றால் ஊருக்கு ஒரே ஒரு காரணம்தான் தெரியும். வீரபாகு அந்தக் காரணத்தை வாழ்நாளில் தொட்டதில்லை. சர்க்கரை நோய், கொழுப்பு, பட்டிமன்றம் முடிந்து நள்ளிரவில் அமைப்பாளர்கள் அன்போடு ஊட்டிய பரோட்டா, இவைதாம் அவருடைய குற்றங்கள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் நலம் விசாரிக்கும்போதெல்லாம், “இனிமேலாவது விட்டுருங்க சார்” என்று முடித்தார். விடுவதற்கு ஒன்றுமில்லாத மனிதர் என்ன செய்வார்?

வெளிப்பார்வைக்கு அவர் செழிப்பாகத்தான் தெரிந்தார். வயிறு நீர் கோத்துப் பெரிதாக இருந்தது. மேல்துண்டை விலக்கிப் பார்த்தவர்களுக்கும் வேட்டியைத் துவைத்தவர்களுக்கும் மட்டும் உண்மை தெரியும். தோள் முனை எலும்பாக நின்றது. தொடை முழங்கால் அளவுக்கு வந்துவிட்டது. கைக்கடிகாரம் முழங்கை வரை தாராளமாகப் போய்வந்தது.

“சார் இப்போ எந்த நிலைமையில இருக்காங்கன்னு எல்லாரும் பார்க்கணும்” என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார் கல்லீரல் துறைத் தலைவர் டாக்டர் கோமதிநாயகம். நல்ல மருத்துவர், ஒலிபெருக்கியைக் கண்டால் மட்டும் கொஞ்சம் பெரிய மருத்துவராகிவிடுவார். “சார், கையை மார்புல கட்டிக்கிட்டு, எதையும் பிடிக்காம எந்திரிங்க பாப்போம்.”

வீரபாகு கையைக் கட்டினார். முன்னால் சாய்ந்தார். முகம் சிவந்தது. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். மறுபடி முயன்றார். வேட்டியின் கரை மட்டும் நடுங்கியது. மூன்று மணி நேரம் நின்றபடி முழங்கியவர், எழுந்து நிற்கத் தெரியாத குழந்தையாக அத்தனை பேர் முன்னால் உட்கார்ந்திருந்தார். அரங்கம் அமைதியானது. கடைசி வரிசையில் ஒருவர், நிகழ்ச்சி முடிந்தது என்று நினைத்துக் கைதட்டினார்.

முன்வரிசையில் இருந்த உலகம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

விழா முடிந்ததும் அறையில் வைத்து டாக்டர் விளக்கினார். ஒலிபெருக்கி இல்லாததால் நன்றாகவே விளக்கினார்.

“கல்லீரல்தான் சார் உடம்போட சுத்திகரிப்பு நிலையம். அது படுத்துட்டா அம்மோனியாங்கிற கழிவு ரத்தத்துல ஏறும். மூளைக்குப் போனா பேச்சு குழறும், பகல் ராத்திரி மாறிப்போகும். போன மாசம் மேடையில உங்களுக்கு வார்த்தை வரலேல்ல, அதுதான்.”

அந்த மேடையை யாரும் நினைவுபடுத்துவது வீரபாகுவுக்குப் பிடிக்காது. தீர்ப்புச் சொல்லும் நேரத்தில் ‘மனைவி’ என்ற சொல் தொலைந்துபோய், “அந்த… வீட்டுல… தண்ணி குடுப்பாங்கள்லா…” என்று நின்றார். நகைச்சுவை என்று நினைத்துக் கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

“அப்போ அந்தக் கழிவை வேற யாரு பிடிச்சு வைக்கிறா? தசை. கல்லீரல் வேலையைத் தசை இழுத்துப்போட்டுச் செய்யுது. செஞ்சு செஞ்சு அதுவே கரையுது” என்று தொடர்ந்தார் டாக்டர்.

“ஆக, தலைமையாசிரியர் வராத பள்ளியில் பாடம் நடத்துகிற பியூன் என்று சொல்லுங்கள்” என்றார் வீரபாகு. பயம் வந்தால் அவர் மேடைத் தமிழுக்குப் போய்விடுவார்.

“சரியாச் சொன்னீங்க. அந்தப் பியூன்தான் இப்போ படுக்கையில.” டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டார். “உங்களுக்கு மாற்றுக் கல்லீரல் வேணும். தை பிறக்கும்போது மறுபடி பரிசோதிப்பேன். கையூன்றாம அஞ்சு தடவை எந்திரிச்சு உக்காந்தா பட்டியல்ல பேர் ஏத்துறேன். முடியலேன்னா ஏத்த மாட்டேன். ஆபரேஷன் மேஜையில ஏத்திரலாம் சார். இறக்குறதுக்கு உடம்புல ஏதாவது இருக்கணும்ல?”

“இவுகள நடக்கச் சொல்லாதீங்க டாக்டர்” என்றாள் உலகம்மாள். “பாத்ரூம் போயிட்டு வந்தாலே மேமூச்சு வாங்குதாவ.”

“அதுக்குத்தாம்மா இந்தச் சட்டை.”

கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒட்டிக்கிடக்கும் இரண்டு சட்டைகள். பச்சையைத் திடமானவர் போட்டுக்கொண்டு தம் வேலையைப் பார்க்க வேண்டும். அவருடைய தசை ஒவ்வொன்றும் சுருங்கி விரிவதை அது அப்படியே எடுத்து, காவிநிறச் சட்டை போட்ட நோயாளியின் தசைக்கு அனுப்பும். அவர் மாடிப்படி ஏறினால் இவர் தொடை உட்கார்ந்தபடியே மாடி ஏறும். வெறும் இயந்திரத் துடிப்பு கொடுத்தால் தசை சில நாளில் ஏமாற மறுத்துவிடுமாம்; உயிருள்ள ஆள்தான் வேண்டுமாம். அரசு வைத்த பெயர் ‘தசைத்தோழன்’. ஊர் வைத்த பெயர் இரவல் சட்டை.

ஏழையைக் கூலிக்கு நடக்கவிட்டுப் பணக்காரர் தேறிவிடக் கூடாது என்று, நெருங்கிய உறவினர் மட்டுமே பச்சைச் சட்டை போடலாம் என்று சட்டம் வந்திருந்தது. வந்த வேகத்தில் வசதியான வீடுகளில் சித்தப்பா பிள்ளைகள் முளைத்தார்கள். அரிசி ஆலை முதலாளி ஒருவர் சந்தையில் மூட்டை தூக்குகிற ஆளைத் தம்பியாக்கிக்கொண்டார். தம்பி முதல் மூட்டையைத் தூக்கியபோது அண்ணன், மகனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தார். காபி சம்பந்தி மேல் போனது. சம்பந்தம் வேறு திசையில் போனது.

வீரபாகுவின் ஒரே மகன் கனடாவில் இருந்தான். சட்டை கடல் தாண்டி வேலை செய்யாது. எனவே உலகம்மாள்.

பிசியோதெரபிஸ்ட் பியூலா இருவரையும் உட்கார வைத்து, உடம்பெல்லாம் அளவெடுத்து, சட்டைகளைப் பழக்கினாள். சுறுசுறுப்பான பெண். பழக்கிக்கொண்டே, செய்ய வேண்டியது, செய்யக் கூடாதது என்று விளக்கமாகச் சொன்னாள். வீரபாகு கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். உண்மையில், குணமான பிறகு ஆற்றப்போகும் நன்றியுரையின் தொடக்கத்தை மனசுக்குள் செதுக்கிக்கொண்டிருந்தார். உலகம்மாள் கேட்டுக்கொண்டாள். அந்த வீட்டில் கேட்பது அவள் துறை.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் வீரபாகுவின் இடுப்பு குனிந்தது.

அவர் கட்டிலில் படுத்திருந்தார். உடம்பு எழவில்லை, உள்ளே தசைகள் மட்டும் குனிந்தன, நிமிர்ந்தன, மறுபடி குனிந்தன. வலது கை எதையோ வீசியது.

“உலகு! என்ன செய்யுத?”

“வாசத் தெளிக்கேன்” என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

பிறகு கைகள் முறுக்கின, துணி பிழிகிறாள். தொடை ஏறியது, மொட்டைமாடிக்குப் போகிறாள். தோள் முன்னும் பின்னும் போனது, தேங்காய் துருவுகிறாள். வீரபாகு நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்க முயன்றார். செய்தித்தாள் தரையைத் துடைத்தது. மதியம் சாப்பிட உட்கார்ந்தால், ஒரு வாய் எடுப்பதற்குள் முழங்கால் எழுந்திருக்கத் துடித்தது. ரசம் எடுக்கப் போனாள், அப்பளம் எடுக்கப் போனாள், தண்ணீர் எடுக்கப் போனாள்.

“என்னட்டீ இது, நாள் பூரா குனிஞ்சு குனிஞ்சு நிமிருத?”

“வீடு தரையிலதான இருக்கு.”

“கொஞ்ச நேரம் உக்காரவே மாட்டியா?”

“நீங்க உக்காந்திருக்கியள்லா. ஒரு வீட்டுக்கு ஒரு ஆள் போதும்.”

எத்தனையோ மேடையில் தீர்ப்புத் திலகம் இந்த அம்மாளுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். வழக்கு இன்னதென்று இப்போதுதான் தெரிந்தது.

உழைப்பு இவ்வளவு நடந்தால் உடம்பு தேறத்தானே வேண்டும்? ஐப்பசி முடிந்து பரிசோதனைக்குப் போனார்கள். தேறவில்லை. தொடையின் சுற்றளவு இன்னும் குறைந்திருந்தது. கையால் பிடித்து அழுத்தும் கருவியில் முள் அசையவே யோசித்தது.

டாக்டர் கோமதிநாயகம் சட்டையைச் சோதித்தார், கருவியைச் சோதித்தார். பியூலாதான், “சாருக்கு என்னம்மா சாப்பாடு குடுக்கிய?” என்று கேட்டாள்.

உலகம்மாளுக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். “மஞ்சக்காமாலப் பத்தியம்தான். எங்க ஆச்சி காலத்துல இருந்து உள்ளது. முட்ட, மீன், பருப்பு, எண்ண ஒண்ணும் சேக்கதில்ல. பழைய சோத்து நீராகாரம், கஞ்சி, கீழாநெல்லி. விளக்கு வைக்கதுக்கு முன்ன சாப்பாட்ட முடிச்சிருவேன். பொறவு காலையில ஒம்போது மணிக்குத்தான் கஞ்சி. வயிறு ஓய்வா இருக்கட்டும்னு.”

“அருமையான பத்தியம்” என்று வீரபாகு துணைக்கு வந்தார். “உண்டி சுருங்குதல்…”

“உண்டி சுருங்கல சார், நீங்கதான் சுருங்கிட்டீங்க” என்றார் டாக்டர். தலையில் கை வைத்துக்கொண்டார். “அம்மா, கல்லீரல் நல்லா இருக்கிறவன் ராத்திரிக்குச் சத்தைச் சேர்த்துவச்சு விடியுற வரைக்கும் செலவழிப்பான். இவருக்குச் சேர்த்துவைக்க இடமில்லை. சாயங்காலம் சாப்பிட்டது கொஞ்ச நேரத்துல தீர்ந்துரும். அதுக்கப்புறம் உடம்பு என்ன செய்யும்? விறகு இல்லைன்னு வீட்டு உத்தரத்தை வெட்டி அடுப்பெரிக்கும். உத்தரம்னா தசை. தூங்குறதுக்கு முன்னாடி இவருக்குக் கட்டாயம் சாப்பாடு வேணும். முட்டை, பயறு, பால். உப்பைக் குறைங்க, அதுபோதும். புரதத்தைக் குறைக்காதீங்க.”

“ஆனா நாங்க வேற டாக்டர்ட்ட போனப்ப, பருப்பு, முட்டையெல்லாம் ஆகாதுன்னாரே?”

“ஒரு காலத்துல நாங்களும் அப்படித்தாம்மா சொன்னோம்” என்றார் டாக்டர் மெதுவாக. “நாங்க மாத்திக்கிட்டோம். நாங்க சொன்னதைக் கேட்டவங்க இன்னும் மாத்திக்கல.”

பியூலா கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “டாக்டர், சாரோடதை விடுங்க. பச்சைச் சட்டையோட கணக்கைப் பாருங்க.”

திரையில் உலகம்மாளின் தொடையும் தோளும் கோடுகளாக ஓடின. எல்லாக் கோடுகளும் கீழ்நோக்கி இறங்கின.

“நீங்க என்னம்மா சாப்பிடுதிய?” என்றாள் பியூலா.

உலகம்மாள் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். “அவுக பத்தியக் கஞ்சி குடிக்கும்போது நான் மட்டும் கொழம்பு வச்சுத் தின்ன முடியுமா? அதத்தான் நானும் குடிக்கேன்.”

“மூணு வேளையுமா?”

“ஒரு வேளை. அம்மனுக்கு ஒரு மண்டலம் விரதம் இருக்கேன். இவுகளுக்கு நல்லாகணும்னு.”

இரண்டு பேருக்கான வேலையை, அரை ஆள் சாப்பாட்டில் ஒரு பெண் செய்துகொண்டிருந்தாள். தசைத்தோழன் வழிகாட்டு நெறிமுறை எழுபது பக்கம். சட்டையை எப்படி மடிப்பது என்பதற்கே படத்தோடு இரண்டு பக்கம் இருந்தது. பச்சைச் சட்டைக்காரர் என்ன சாப்பிட வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. அவர்களுக்கும் வயிறு இருக்கும் என்று குழுவில் யாருக்கும் தோன்றவில்லை.

“சட்டையை நிறுத்திருவோம்” என்றார் டாக்டர். “அம்மாவுக்கு இனி இது ஆபத்து. வேற உறவுக்காரங்க யாராவது இருந்தா பாருங்க. அதுவரைக்கும் அணைச்சு வைங்க. சாப்பாட்டை மட்டும் சொன்னபடி குடுங்க.”

“தைக்குள்ள…?” என்று கேட்ட குரல் வீரபாகுவுடையது. மேடைத் தமிழ் எங்கோ போயிருந்தது. “தைக்குள்ள நான் எந்திரிக்கணும்லா டாக்டர்?”

டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார்.

வீரபாகுவின் மனசில் முதலில் வந்தது பயம்தான். ‘இவள் நின்றுவிட்டால் நான் என்ன ஆவேன்?’ என்ற பயம். வெட்கம் பின்னால்தான் வந்தது. வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவில், பாளையங்கோட்டைப் பாலம் தாண்டும்போது. பக்கத்தில் உலகம்மாள் வண்டிக் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கம்பியைப் பிடித்திருந்த அவள் கையில் வளையல் முழங்கை வரை சரிந்துகிடந்தது. அவருடைய கடிகாரம் போலவே.

கல்யாணம் ஆனதிலிருந்து அவள் கையை அவர் பார்த்தது தம்ளரோடு சேர்த்துத்தான். தனியாக இன்றுதான் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் நேராகப் பச்சைச் சட்டையை எடுத்தாள். “டாக்டர் ஆயிரம் சொல்லுவாரு. யாருக்குத் தெரியப்போவுது? நீங்க அதப் போடுங்க.”

“வை அத.”

“தை வரைக்கும்தான…”

“வைன்னு சொல்லுதேன்லா!” கத்தியதில் அவருக்கே மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டார். “முதல்ல ரெண்டு முட்டய வேகவை. எனக்கு ஒண்ணு, ஒனக்கு ஒண்ணு. அம்மன் கோவிச்சா நான் பேசிக்கிடுதேன். ரெண்டு பேருக்கும் நடுவுல தீர்ப்புச் சொல்ல எனக்குத் தெரியும்.”

முட்டையை உரித்துத் தின்றுகொண்டிருந்தபோதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. தின்பதை அப்படியே நிறுத்தினார்.

“உலகு, இந்தச் சட்டைய மாத்திப் போட்டா என்ன?”

“எப்படி?”

“பச்சைய நான் போடுதேன். நீ காவியப் போட்டுட்டு இந்த நாக்காலியில உக்காரு. நான் நடந்தா ஒனக்குத் தேறும்லா? நான் போறவன். இருக்கப்போறவ நீ. பாதியாவது ஒனக்குத் திருப்பித் தாரேன்.”

உலகம்மாள் அவரைப் பார்த்தாள். பாதி முட்டையை வாயில் போட்டு, மென்று, விழுங்கி, தண்ணீர் குடித்தாள்.

“அந்தப் பியூலாப் பிள்ளைட்ட கேட்டுச் சொல்லுதேன்” என்று செல்போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். உள்ளேயிருந்து, “ஆமா தாயீ… அப்படியா… சரி தாயீ” என்று குரல் கேட்டது. திரும்பி வந்தாள்.

“ஆகுமாம். ஆனா ஒண்ணு. நடக்குத ஆளு நல்லாச் சாப்பிடணுமாம். தூங்கப் போகையில பாலும் பயறும் கட்டாயமாம். இல்லேன்னா எனக்கு வந்து சேராதாம்.”

“உக்காருத ஆளு?”

“அதுவும் சாப்பிடணுமாம்” என்றாள், கொஞ்சம் யோசித்து.

அன்று வீரபாகு பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு, வாழ்நாளில் முதன்முறையாக, இன்னொருவருக்காக நடந்தார். முன்னறையிலிருந்து அடுப்படி வரைதான். அது திருச்செந்தூர் பாதயாத்திரை போல நீண்டது. சுவரில் கை ஊன்றி, மூச்சு வாங்க, நடுவில் இரண்டு தடவை நின்று போனார். உலகம்மாள் காவிச் சட்டையோடு அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ‘நாவலர் பேரவை’ அன்பளிப்பு என்று முதுகில் எழுதிய பிரம்பு நாற்காலி. அதில் அவள் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை.

“வருதா?” என்றார் அடுப்படியிலிருந்து.

“வருது வருது. வலது தொடையில விறுவிறுன்னு வருது.”

“இடது?”

“இடதுல கொஞ்சம் கம்மி. நீங்க அந்தப் பக்கம் ஊன்ற மாட்டேங்கிய.”

இடது காலை ஊன்றினார்.

“ம், இப்பம் சரி. நிறுத்தாதிய.”

வெறுமனே நடப்பது நாளடைவில் அலுத்தது. அப்போது உலகம்மாள் சட்டையைப் பற்றிப் புதுப்புது விவரங்கள் கண்டுபிடித்தாள். அந்த மூலையில் நடந்தால் நன்றாக வந்தது. மூலையில் விளக்குமாறு இருந்தது. தேங்காய் துருவினால் தோளுக்கு இதமாக வந்தது. கொடியில் துணி காயப்போட்டால் விலாப்புறம் வந்தது. பாத்திரம் கழுவினால் விரல் நுனி வரைக்கும் வந்தது.

“அந்தச் சட்டிய அடிப்பிடிச்ச பக்கம் நல்லாத் தேயுங்க. அதுலதான் மணிக்கட்டுக்கு வருது.”

பட்டிமன்ற அமைப்பாளர் ஒருவர் நலம் விசாரிக்க வந்தபோது, தீர்ப்புத் திலகம் பச்சைச் சட்டைக்கு மேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னறையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். அம்மாள் நாற்காலியில் சாய்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள்.

“என்ன சார் இது?”

“கால எடும் வே. குப்ப இருக்கு” என்றார் வீரபாகு.

கார்த்திகையில் சுவரை விட்டார். மார்கழியில் மொட்டைமாடி வரை ஏறினார், நடுப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, கீழே பார்த்து, “வந்துச்சா?” என்று கத்தினார். “வந்துச்சு!” என்று குரல் வந்தது. தூங்கப் போகுமுன் அவரே பயறு வேகவைத்தார். உலகம்மாளின் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. வளையல் மணிக்கட்டுக்கு இறங்கியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குத் தன் தொடையைப் பற்றிய நினைவே வராது. தன் கடிகாரமும் கையில் நின்றுவிட்டதை அவர் கவனிக்கவில்லை. வார்த்தை தொலைவதும் குறைந்திருந்தது. ‘மனைவி’ என்ற சொல்லை அவர் ஒருநாள் சொல்லிப்பார்த்தார். இருந்த இடத்திலேயே இருந்தது.

தை பிறந்தது. பரிசோதனை அறையில் டாக்டர் கோமதிநாயகம், பியூலா, சட்டை செய்த நிறுவனத்தின் அதிகாரி ஒருவர். வீரபாகு நாற்காலியில் உட்கார்ந்தார். தோற்றுப்போகவே வந்திருந்தார், இரண்டு மாதமாகத் தன் பலத்தை எல்லாம் உலகம்மாளுக்கு அனுப்பிவிட்ட மனிதரிடம் என்ன மிச்சமிருக்கும்? அதற்கு அவர் தயாராகவே இருந்தார். கையை மார்பில் கட்டினார். முன்னால் சாய்ந்தார்.

எழுந்து நின்றார்.

அவருக்கே புரியவில்லை. உட்கார்ந்து, மறுபடி எழுந்தார். மூன்றாவது தடவை முழங்கால் நடுங்கியது. நாலாவது தடவை பாதியில் நின்று, இடது காலை ஊன்றி எழுந்தார். ஐந்தாவதில், “ஏ அம்மா!” என்று சத்தம் போட்டு நிமிர்ந்தார். உலகம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பட்டியல்ல ஏத்திருவோம்” என்றார் டாக்டர். “கல்லீரல் எப்போ கிடைக்கும்னு தெரியாது. ஆனா கிடைக்கிற அன்னைக்கு நீங்க தயார். யாரு சார் பச்சைச் சட்டை போட்டது? மகன் வந்துட்டாரா கனடாவிலிருந்து?”

“நான்தான் போட்டேன்” என்றார் வீரபாகு. “மாத்திப் போட்டோம். நான் நடந்தேன், இவளுக்குத் தேறுச்சு. எனக்கு எப்படித் தேறுச்சுன்னுதான் தெரியல.”

டாக்டர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி டாக்டரைப் பார்த்தார். இரண்டு பேர் முகத்திலும் ஒலிபெருக்கி தெரிந்தது.

“இருவழிப் பயன்!” என்றார் அதிகாரி.

“கொடுப்பவரும் பெறுகிறார்!” என்றார் டாக்டர். “மருத்துவத்தையே புரட்டிப் போடுது சார் இது. அடுத்த வெள்ளிக்கிழமையே அறிவிச்சிருவோம்.”

“வெள்ளி பத்தரைக்கு இராகுகாலம்” என்று நினைவூட்டினார் அதிகாரி.

பியூலா எதுவோ சொல்ல வாயெடுத்தாள். வீரபாகு முந்திக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. “எல்லாம் இந்தப் பிள்ளையாலதான் டாக்டர். அன்னைக்கு உலகு போன் பண்ணிக் கேட்டப்ப, மாத்திப் போடலாம்னு இவதான் சொன்னா. இல்லையா தாயீ?”

பியூலா திரும்பி உலகம்மாளைப் பார்த்தாள். உலகம்மாள் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமா சார்” என்றாள் பியூலா.

அந்தச் சட்டை அளவெடுத்த உடம்பைத் தவிர வேறு உடம்பில் வேலை செய்யாது என்பதை அவள் முதல் நாளே இருவரிடமும் சொல்லியிருந்தாள்.